இன்ஜினுக்குக் குங்குமம்

— இதை எதுக்கு மாத்தணும்ங்கறே? இந்தக் கம்ப்ரஸருக்கு ஒரு கேடும் இல்லையே, மாணிக்கா.

— வேல செய்யலைங்ளே மேஸ்திரி. அன்னைக்கு நஞ்சன்கூட்டுல எடுத்தவன் மைசூர் வர்ற வரைக்கும் வெக்கக் காத்துத்தானுங் வந்துச்சு. அடுப்ப மூஞ்சிக்கு நேரா ஊதுன மாதிரி.

— பழைய டீசல் அம்பாசடர். பெங்களூர்ல எவனோ தனியா மாட்டின ஏசி. எல்லாம் சரி. ஆனா நோடு, இங்க பாரு, உள் ஷாஃப்ட் கையில சுத்துது. கேஸ் இருக்கு. எண்ணெய்க் கசிவு இல்ல. செத்த கம்ப்ரஸர் இப்படி இருக்காது.

— மொதலாளி புதுசே வாங்கி டிக்கில வச்சு அனுப்பிட்டாருங். மாட்டிக் குடுத்தாப் போதும்னாரு.

— அது அவர் இஷ்டம். கழட்டறதுக்கு முன்னாடி நான் ஒரு தடவை பார்ப்பேன். நீ ஏசிய எப்பல்லாம் போடுவே?

— நான் தொடவே மாட்டனுங். அவரு பக்கத்து சீட்டுல ஏறுனா அவரே திருப்புவாரு, எறங்குனா அவரே நிறுத்துவாரு. அன்னைக்குத்தானுங் மொதோ தடவ நான் கை வச்சது.

— பாப்பாவுக்காக.

— மாதேவிக்காகத்தானுங். மொதலாளி அவங்கப்பாவுக்குத் தெவசம் குடுக்க ஆத்துக்கு எறங்கிட்டாரு. நான் வண்டியோட ரோட்டுல நிக்கறேன். எம் பொண்டாட்டி பஞ்சவர்ணம் அங்கதான் ரோட்டு வேலைல ஜல்லி ஒடச்சுக்கிட்டிருந்தா. புள்ளைய இடுப்புல போட்டுக்கிட்டு ஓடியாந்தா. வெயில்ல சுருண்டிருச்சுங். ஒடம்பு தணலு. ஒரு சொட்டு வேர்வ இல்ல.

— கேக்காம வண்டிய எடுத்துட்டே.

— எடுத்துட்டனுங். பெரியாஸ்பத்திரிக்கு. ஏசிய முழுசாத் திருப்பி, எல்லாக் கண்ணாடியும் ஏத்திட்டேன். ஏசி ஓடறப்பக் கண்ணாடி தொறக்கக் கூடாதுன்னு மொதலாளி சொல்லிச் சொல்லி மண்டைல ஏறிக் கெடந்துச்சு. பஞ்சவர்ணம் பின்னால இருந்து எறக்கு எறக்குங்கறா. தொடாதடி, இப்பக் குளுந்துரும், இப்பக் குளுந்துரும்னு நான்தான் கத்தினேன்.

— கடைசி வரைக்கும் இறக்கலையா?

— ரயில் கேட்டு வேற போட்டுட்டானுங். அங்க நிக்கறப்பத்தான் அவ கத்தறத நிறுத்துனா. திரும்பிப் பாக்கறேன், மாதேவி கையி அவ மடியில இருந்து தொங்குது.

— பஞ்சவர்ணம் என்ன சொல்றா?

— பஞ்சவர்ணம் எனக்குச் சோறு போடறதில்லைங். மிஷினு கெட்டுச்சா, நீ கெடுத்தியான்னு அதையே கேக்கறா. மேஸ்திரியக் கேட்டுட்டு வந்து சொல்லு, அப்பறம் வாசப்படி ஏறுன்னுட்டா. மிஷினு செத்திருந்துச்சுன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்.

— சும்னிரு, பேசாம இரு. கிட்ட வா. இந்த ஒத்தை ஒயர் தெரியுதா? இதுல கரண்ட் வந்தாத்தான் புல்லியோட கம்ப்ரஸரும் சேர்ந்து சுத்தும். இல்லன்னா ஃபேன் மட்டும் ஓடும், இன்ஜின் சூட்டை உள்ள தள்ளும். இது கழண்டு தொங்குது.

— தொங்குதுங்ளா?

— செருகறேன். ஸ்டார்ட் பண்ணு. ஏசியத் திருப்பு. டக்குனு ஒரு சத்தம் வந்துச்சா? கொஞ்சம் பொறு. இப்ப முன்னாடி கையை வை.

— சில்லுங்குதுங்.

— போதும், கையை எடு.

— இருக்கட்டுமுங். பின் சீட்டு வரைக்கும் வருமுங்ளா இது?

— வரும்.

— ஒரு ஒயருங்ளா, மேஸ்திரி?

— ஒரு ஒயர்.

— அது எப்படிங் கழளும்? நான் பானெட்டையே தொடறதில்லைங். மொதலாளிக்குப் பக்தி ஜாஸ்தி. எங்க எறங்குனாலும் அவரே பானெட்டத் தூக்கி இன்ஜினுக்குக் குங்குமம் வச்சுட்டுத்தான் போவாரு. திரும்பி வந்தாலும் மறுபடி பானெட்டத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுட்டுத்தான் ஏறுவாரு. என்னக் கிட்டயே விடமாட்டாரு.

— ஒயரோட கிளிப்பைப் பார்த்துட்டுச் சொல்றேன். அதோ, அவரே ஆட்டோல வந்து இறங்கறார்.

— என்ன மேஸ்திரி, இன்னும் கழட்டலையா?

— இது நல்லாத்தான் இருக்கு சார். குளிருது.

— நல்லா இல்லன்னு நான் சொன்னேனா? சீட்டு உறையைக் கொளுத்தியாச்சு. ஐயரைக் கூப்பிட்டு மந்திரம் சொல்லித் தண்ணியும் தெளிச்சாச்சு. இந்தக் காத்து மிஷினை எப்படிக் கழுவறது? பொணத்து மேல ஊதின மிஷின், நாளைக்கு என் பேரன் மூஞ்சில ஊதணுமா? அன்னைக்கு அப்பா தெவசத்தை முடிச்சுட்டு ஈர வேட்டியோட பஸ்ஸுல வந்தேன் நான். மாணிக்கம், உன்னை வேலையை விட்டு எடுத்தேனா?

— இல்லைங் மொதலாளி.

— வேற எவனா இருந்தாலும் போலீஸுக்குப் போயிருப்பான். பாவம்னு விட்டேன். மார்க்கெட்டுக்குப் போய் எலுமிச்சம்பழமும் மல்லிப்பூவும் வாங்கிட்டு வா. புதுசு மாட்டினதும் பூஜை போடணும். உதிரி வேணாம், கட்டின பூ.

— சரிங். மேஸ்திரி, நான் வந்தப்பறம் சொல்லுங், அந்த ஒயரு.

— என்ன ஒயரு?

— கம்ப்ரஸர் கிளட்ச் ஒயர் கழண்டு கெடந்துச்சு சார். அதான் அன்னைக்கு ஏசி பிடிக்கல. கிளிப் என்னமோ இறுக்கமாத்தான் இருக்கு. பாவம், அவன் வீட்ல போய்ப் பதில் சொல்லணுமாம்.

— அவன் போயிட்டானா? நல்லதாப் போச்சு. நானே சொல்லணும்னு இருந்தேன். புதுசு மாட்டறப்ப அதுக்குன்னு ஒரு சுச்சு வச்சுடு. வெளிய தெரியக் கூடாது.

— எதுக்கு சார்?

— டிரைவரை நம்பி ஏசிய விட்டுட்டுப் போக முடியுமா? நாம அந்தப் பக்கம் போனதும் இன்ஜினை ஓட விட்டுட்டு உள்ள கால் நீட்டிப் படுத்துக்குவான். டீசல் என்ன ஆத்துத் தண்ணியா? ஒவ்வொரு தடவையும் குங்குமத்தை வச்சுக்கிட்டுப் பானெட்டைத் தூக்கி, ஒயரைப் புடுங்கி, வந்து செருகி, கையெல்லாம் கிரீஸு.

— சார், அன்னைக்கும்...

— அன்னைக்கும்தான். என் வண்டி, என் ஒயர். அவனை யாரு எடுக்கச் சொன்னா? என் லாரியெல்லாம் எங்க ரிப்பேருக்கு வருது, மேஸ்திரி?

— இங்கதான் சார்.

— இந்த ஷெட்டு யாருது?

— உங்களுதுதான் சார்.

— ஆயித்து, பேச்சு முடிஞ்சுது. சுச்சை எங்க வைப்பே?

— உங்க சீட்டுக்கு அடியில வைக்கறேன் சார். கையை விட்டாத் தட்டுப்படும். அவன் கண்ணுக்குத் தெரியாது.

— அதான் உன்கிட்ட வர்றது. நான் போய் ஒரு காப்பி குடிச்சுட்டு வர்றேன்.

— மேஸ்திரி, பூ வாங்கியாந்துட்டேனுங். கட்டுன பூதான். கிளிப்பப் பாத்தீங்ளா? எப்படிங் கழண்டுச்சு?

— ஆட்டத்துல.

— எந்த ஆட்டத்துலங்?

— நீ எடுத்த வேகத்துல. எங்கயாவது தூக்கிப் போட்டிருக்கும். யோசிச்சுப் பாரு.

— கெளம்பறப்ப... ஜல்லிக் குமி மேல ஒரு சக்கரம் ஏறி எறங்குச்சுங். பஞ்சவர்ணங்கூடப் புள்ளையோட சீட்டுல இருந்து சரிஞ்சா.

— அங்கதான், மாணிக்கா. மெதுவா எடுத்திருந்தாக் குளிர்ந்திருக்கும்.