கேற்றுச் சத்தம்

இல்ல தம்பி, பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திருப்பாதீங்க, அங்க போகமாட்டார். ஜெட்டிக்கே விடுங்க. ஓட்டோவக் கொஞ்சம் மெதுவா ஓட்டுங்க, ரெண்டு பக்கமும் பாத்துக்கொண்டு வாறன். வெள்ளச் சாரன், மேல சேட்டில்ல. பேர் ஹிஸ்புல்லா. கூப்பிட்டாலும் திரும்பமாட்டார், தன்ர பேரே அவருக்கு இப்ப நினைவில்ல.

என்ர மனிசன்தான். ஓம், பொலிசுக்கும் சொல்லியாச்சு. போட்டோ கேட்டாங்க, குடுத்தனான்.

முந்தி மூதூருக்கு ஆக்கள ஏத்திப்போற லோஞ்சிப் படகில இஞ்சினுக்குக் கிறீஸ் போடுற வேலை அவருக்கு. பெத்த பிள்ளை றிஷானாவையே ஆரு எண்டு கேக்கிறார், அந்த வேலைய மட்டும் மறக்கல்ல. விடிஞ்சா லோஞ்சிக்கு நேரமாச்சு எண்டு வெளிக்கிடுவார். வீட்டில என்னத்திலயாவது கிறீச்செண்டு கேட்டா இருப்புக்கொள்ளாது. தையல் மெசினுக்கு, அலுமாரிக் கதவுக்கு, ஃபானுக்குக்கூட குசினித் தேங்காயெண்ணெய ஊத்தினவர். பிறகு போத்தல அரிசி வாளிக்குள்ள ஒளிச்சு வச்சுத்தான் சமைக்கிற. சிரிங்க தம்பி, பரவாயில்ல, நானும் சிரிச்சனான்தான்.

பூட்டா? பூட்டினா தலையால முட்டுறார். ரத்தத்தப் பாத்துக்கொண்டு எப்பிடிப் பூட்டுற? அதுதான் கேற்ற நம்பி இருந்தனான். பழைய இரும்புக் கேற், துறந்தா முழுத் தெருவும் எழும்பும். பக்கத்து வீட்டு முனீப் பாவம், கிறீஸ் போட்டுத் தரட்டா மாமி எண்டு வந்தான், ஏசிக் கலைச்சனான். கேற் திரும்புற பிணைச்சல் நல்லாத் துருப்பிடிக்கட்டும் எண்டு கடல் தண்ணி கொண்டுவந்து ஊத்தினனான் தம்பி! அந்தச் சத்தம் கேட்டா எந்த நித்திரையில இருந்தும் ஓடுவன், கையப் பிடிச்சுக் கூட்டிவருவன்.

இண்டைக்குக் கேக்கல்ல. விடிய முந்தி சுபஹுத் தொழுகைக்கு எழும்பினா பாயில ஆளில்ல, கேற் அகலத் துறந்து கிடக்கு.

அந்தா, அந்த மரத்தடியில... இல்ல, அது வேற ஆரோ. போங்க.

அவருக்கு முழங்கால் ஏலாது. நான்தான் கருஞ்சீரக எண்ணெய் தடவிவிடுற, நாலு அடி நடக்கட்டும் எண்டு. அந்தப் போத்தல் தலமாட்டில இருந்தது. அதையும் ஒளிக்கோணும் எண்டு எனக்குத் தோணல்ல. தேட வெளிக்கிடக்குள்ள கேற்றப் பிடிச்சன், கை வழுக்கினது. மணந்து பாத்தா அதே எண்ணெய். மேல் பிணைச்சல், கீழ்ப் பிணைச்சல், கொண்டி, ஒண்டும் விடல்ல. இப்பிடி வடிவா வேலை செஞ்சிட்டுப் போன மனிசன நான் எங்கயெண்டு தேடுற, சொல்லுங்க?

வடிஞ்சத எல்லாம் சேட்டக் கழட்டித் துடைச்சு, மடிச்சுக் கேற்றில போட்டிருந்தார். அதுதான் தம்பி சொன்னனான், மேல சேட்டில்ல எண்டு.