போர்டுக்குக் கீழே மல்லாட்டை

கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலை வரும் பஸ். முன்சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் காலடியில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை மூட்டை.

“வெளிநாட்டு சிப்ஸ் கம்பெனிதான்க்கா எனக்கு விளம்பரம் பண்ணுது” என்றாள்.

“உனக்கா?”

“வேங்கிக்கால்ல ‘டென்ஷனா? பாக்கெட்டைப் பிரி!’ன்னு பெரிய போர்டு வெச்சிருக்கான். அதுங்கீழயே தள்ளுவண்டியில வேகவெச்ச மல்லாட்டை விக்கிறேன். பக்கத்து ஆபீஸ்காரங்களுக்கு பிரஷர் ஜாஸ்தி, டாக்டரு சிப்ஸைத் தொடாதன்னுட்டாராம். போர்டைப் பாத்து வாய் ஊறி, எங்கிட்ட வந்துடுறாங்க. உப்பு கம்மியாதான் போடுறேன். உரிச்சிக்கினே இருந்தா டென்ஷன் எறங்குதாம்.”

“உனக்கே பிரஷர் ஏறி மயங்கி வியுந்தியே?”

“அது வியாபாரம் இல்லாம தூங்காத கெடந்தப்போ. இப்ப நார்மல்க்கா!”

“சரி, போர்டை எடுத்துட்டான்னா?”

“வேற எடத்துல வெக்காமலா போவான்? வெக்கட்டும். என் வண்டிக்கு சக்கரம் இருக்குதுக்கா.”