வேம்புவின் மேல்முறையீடு

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மதிப்பிற்குரிய பெரியவர் சிவசுப்பிரமணியன் அவர்களே, சட்டமறிந்த சான்றோர்களே, வயற்காட்டு வேலையை முடித்து முகத்தை மட்டும் கழுவிக்கொண்டு ஓடி வந்திருக்கும் என் தாய்மார்களே, பஸ்ஸை விட்டிறங்கி, கேட்டுவிட்டுத்தான் போவோமே என்று ஓரமாக நிற்கும் தோழர்களே! இதே பெரம்பலூரில் பிறந்து சென்னையில் வழக்காடும் வெற்றிச்செல்வியின் வணக்கம் உங்கள் அனைவருக்கும் உரியது.

மேல்முறையீட்டு நீதிமன்றம் எதற்கு என்று பேசச் சொன்னார்கள். சட்டப் பிரிவுகளை அடுக்கினால் எழுந்து போய்விடுவீர்கள். சிரிக்காதீர்கள், போன கூட்டத்தில் போனீர்கள்! ஆகவே ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன்.

அவள் பெயர் வேம்பு. இங்கிருந்து அரியலூர் போகும் வழியில், பருத்தி விளையும் ஒரு சிற்றூர் அவளுடையது. கணவன் செல்லக்கண்ணு ஒருநாள் பருத்திக்கு மருந்தடித்தான். காற்று எதிரே வீசியது. முகத்தில் துணியில்லை, கையில் உறையில்லை. பொழுது சாய வீடு திரும்பினான், சாப்பிட்டான், வாந்தியெடுத்தான். ஆஸ்பத்திரியில் உயிர் போனது. உடலில் விஷம் இருந்தது.

அன்று காலையில் அவனும் அவளும் சண்டையிட்டதைத் தெருவே கேட்டிருந்தது. அது போதாதா? அவள்தான் சோற்றில் கலந்துவிட்டாள் என்றார் செல்லக்கண்ணுவின் அண்ணன் ராசாங்கம். அண்ணன் சொன்னதை ஊர் சொன்னது. ஊர் சொன்னதைப் போலீஸ் எழுதியது. எழுதியதை விசாரணை நீதிமன்றம் நம்பியது. வேம்புவுக்கு ஆயுள் தண்டனை! பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த மகள் அபிநயா பெரியப்பா வீட்டுக்குப் போனாள்.

தாய்மார்களே, சிறையில் கொடியது எது? சோறா? சுவரா? இல்லை. பார்க்க ஆள் வந்திருக்கிறது என்று பெயர் பெயராகக் கூப்பிடும்போது, தன் பெயர் மட்டும் வராமலே போவது. ஆண்டுக்கணக்கில் வேம்புவின் பெயர் வரவில்லை. இலவசச் சட்ட உதவியில் அவள் வழக்கு என்னிடம் வந்தது. முதல்முறை போய் நின்றபோது, நான் தவறாக வந்துவிட்டேன் என்றே அவள் நினைத்தாள்.

எதற்காக அம்மா அன்றைக்குச் சண்டை என்று கேட்டேன்.

"காத்து இப்புடி அடிக்குது, இன்னைக்கி மருந்தடிக்கப் போவாதன்னேன். கேக்கல. அதுக்குத்தாங்க சத்தம் போட்டேன்."

காப்பாற்றக் கத்தியவளைக் கொன்றவள் என்றது ஊர்! அந்தச் சண்டையின் காரணத்தை அதுவரை ஒருவரும் அவளிடம் கேட்டதில்லை.

உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு வந்தது. அங்கே சாட்சிகள் மறுபடி வருவதில்லை. குற்றவாளி என்று சொல்லப்பட்டவளையும் அழைத்து வருவதில்லை. இரண்டு நீதிபதிகள், ஊர்ச் சத்தம் எட்டாத தொலைவில் அமர்ந்து, சொன்னதையெல்லாம் இன்னொரு முறை படிக்கிறார்கள். கோபம் ஆறிய பிறகு படிக்கிறார்கள். குறுக்கு விசாரணையில் ராசாங்கமே சொல்லியிருந்தார், தாயும் பிள்ளையும் அதே சோற்றைத்தான் அன்று தின்றார்கள் என்று. அந்தச் சட்டியை யார் சோதித்தார்கள்? மருந்தடித்த பம்பை யார் பார்த்தார்கள்? நனைந்த சட்டையை யார் எடுத்தார்கள்? நீதிபதிகள் கேட்ட கேள்விகளுக்கு அரசுத் தரப்பில் பதில் இல்லை.

விடுதலை! அந்தச் சொல் சென்னையில் ஒலித்தபோது, வேம்பு திருச்சிச் சிறையில் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். காவலர் வந்து சொன்னதும், மகளுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டாளாம்.

அங்கே பின்னாலிருந்து ஓர் அம்மா, "மவ வந்துச்சா?" என்று கேட்கிறார். சொல்கிறேன் அம்மா. மகள் வரவில்லை. நான்தான் வேம்புவை ஊருக்குக் கூட்டிப் போனேன். தெருவில் நுழைந்ததும் பேச்சு நின்றது. கதவுகள் சாத்தப்பட்டன. வளர்ந்துவிட்ட அபிநயா வாசலுக்கு வந்தாள். தாயைப் பார்த்தாள். பெரியப்பாவைப் பார்த்தாள். திரும்பி உள்ளே போய்விட்டாள். ராசாங்கம் தலை குனிந்து நின்றார். பொய் சொன்னவராக எனக்கு அவர் தோன்றவில்லை. தம்பியைப் பறிகொடுத்தவராகத்தான் தோன்றினார்.

வேம்பு அழவில்லை. "போவலாங்க" என்றாள். இப்போது இந்த டவுனில் ஒற்றை அறையில் இருக்கிறாள். வெங்காய மண்டியில் வேலை. மற்ற பெண்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இவள் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள். அவள் சமைத்ததை யாரும் வாங்கித் தின்பதில்லை.

அன்பர்களே! நீதிமன்றம் தவறலாம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதனால்தான் ஒரு மன்றத்துக்கு மேல் இன்னொரு மன்றம் வைத்தது. நாம் ஒப்புக்கொள்கிறோமா? தெருவில் கூடிச் சொன்ன தீர்ப்பைத் திரும்பப் படித்ததுண்டா? படித்துப் பார்த்துத் தவறென்று கண்டு, ஒரு கதவையாவது திறந்ததுண்டா? நாம் சொன்ன தீர்ப்புக்கு எந்தச் சென்னைக்குப் போய் மேல்முறையீடு செய்வாள் வேம்பு?

அவள் கதையைச் சொல்ல அவளிடமே அனுமதி கேட்டேன். பெயரோடு சொல்லச் சொன்னாள். அன்று ஊரே பேசியதை இன்று ஒருத்தராவது மாற்றிப் பேசட்டும் என்றாள். கூட்டத்துக்கு நீயும் வா என்று அழைத்தேன்.

"வந்தா எம்பக்கத்துல யாருங்க உக்காருவா?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. உயர் நீதிமன்றத்திடமும் இல்லை. உங்களிடம் இருக்கிறதா என்று கேட்கத்தான் வந்தேன். பொறுமையோடு கேட்ட உங்களுக்கு நன்றி கூறி, விடைபெறுகிறேன். வணக்கம்.