சூட்டறையில் சவூதி எறும்பு

அந்த ஃபேனை நிறுத்தினால் புண்ணியமாகப் போகும், பஸீர் சார். பன்னிரண்டு வருடம் சவூதியில் தண்ணீர் பவுசர் லொறி ஓட்டியவன் நான். மாத்தளைக் காற்றே எனக்குக் குளிர். வாக்குமூலத்தை நீங்கள் நிதானமாக எழுதிக்கொள்ளுங்கள், நான் எதையும் மறைக்கப் போவதில்லை. எறும்பைப் பற்றிய பகுதியை மட்டும் சுருக்கிவிடாதீர்கள். மற்றதெல்லாம் அதனால் வந்ததுதான்.

அங்கே பாலைவனத்தில் ஓர் எறும்பு இருக்கிறது. நடுப்பகலில், பல்லிகூட வளைக்குள் ஒளிந்துகொள்ளும் நேரத்தில், அது மட்டும் வெளியே வரும். உடம்பெல்லாம் வெள்ளி மயிர். சுடுமணலில் வயிறு படாமல் ஓடுவதற்கு நெட்டைக் கால்கள். இரை தேடிப் போகும்போது குடிகாரன் மாதிரி வளைந்து வளைந்து போகும். கிடைத்துவிட்டால் புற்றுக்கு நேர்கோட்டில் திரும்பிவிடும். சூட்டில் செத்து விழுந்த பூச்சிகள்தான் அதற்குச் சாப்பாடு. மற்றவர்கள் ஏசி அறையில் படுத்திருக்க, நான் பவுசர் நிழலில் குந்திக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். அந்த நாட்டில் என்னைத் தவிர வெயிலில் வேலை செய்யும் ஒரே ஆள் இதுதான் என்று தோன்றும். எனக்கு அதன்மேல் பாசம். சொல்வதில் வெட்கமில்லை.

இரத்தோட்டைக்குத் திரும்பி வந்தபோது, நான் கொண்டுவந்த சவூதிக் கம்பளியை என் மனைவி நிரஞ்சனி சூட்டறை வாசலில் உதறிக் காயப்போட்டாள். எங்கள் வீட்டுக்குப் பின்னால், விறகுச் சூட்டில் ஏலக்காய் காயவைக்கும் சின்ன அறை அது. மறுநாள் பார்த்தால் அந்த வாசலில் எறும்பு. அதே நெட்டைக் கால், அதே வளைந்த ஓட்டம். கம்பளியோடு கடல் தாண்டி வந்திருக்கிறது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

மகள் விதுஷாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். நான் போகும்போது அவள் கைக்குழந்தை. திரும்பி வந்த என்னை விருந்தாளியைப் போலத்தான் பார்ப்பாள். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் அம்மாவிடம் சொல்லிக் கேட்பாள். அன்றைக்குத்தான், "அப்பா, இங்க பாருங்க, இன்னொன்னு வருது" என்றாள். அப்பா என்றாள், சார். பள்ளிக்கூடத்தில் போய் எல்லோரிடமும் சொல்லியிருக்கிறாள். சனிக்கிழமை வகுப்பே எறும்பு பார்க்க வருவதாக ஏற்பாடு. நான் ரோட்டோரம் 'சவூதி எறும்பு' என்று மூன்று மொழியிலும் போர்டு எழுதி வைத்தேன்.

அதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துச் சொல்லும்படி பள்ளிக்கூடத்தார் அலுவிகாரை யோகேந்திரன் மாஸ்டரைக் கேட்டிருக்கிறார்கள். ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர். எறும்பைப் பற்றி அவருக்குத் தெரியாதது எறும்புக்கும் தெரியாது என்பார்கள். நல்ல மனிதர். குடையும் பூதக்கண்ணாடியுமாக பஸ்ஸில் வந்து இறங்கினார். வாசலில் மண்டியிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"மாணிக்கம், மனசுல வச்சிக்காதீங்க. இது நம்ம ஊரு எறும்புங்க. எல்லா வீட்டுக் குசினியிலயும் ஓடுது" என்றார். "நீங்க சொல்றது இதவிடப் பெரிசுங்க. இதுக்கு வெள்ளி மயிரும் இல்லையே."

ஊர் ஈரத்தில் இளைத்திருக்கும் என்றேன். மயிர் உதிர்ந்திருக்கும் என்றேன். சவூதியிலிருந்து வந்த பிறகு எனக்கும்தான் முடி கொட்டியது. மாஸ்டர் சிரிக்கவில்லை. "சரி, சூட்டுல செத்ததத் திங்குதான்னு பாருங்க. அப்பறம் பேசுவோம்" என்றார். என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார் என்று நிரஞ்சனி பிறகு சொன்னாள். விஞ்ஞானத்தில் சமாதானம் என்று ஒன்று கிடையாது.

சூட்டறையில் வைத்துச் சாகடித்த வெட்டுக்கிளி ஒன்றைப் போட்டேன். எறும்பு மொய்த்தது. மாஸ்டரை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னேன். வெட்டுக்கிளியை எந்த எறும்பும் தின்னும் என்றார். பல்லி வைத்தேன். அதையும் எந்த எறும்பும் தின்னுமாம். எங்கள் சேவலை வைத்தேன். நிரஞ்சனி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள்.

"போதுங்க மாணிக்கம். அந்தப் போர்டக் கழட்டிருங்க. புள்ளைங்கள அனுப்ப வேணாம்னு ஸ்கூல்ல நானே சொல்லிர்றேன்" என்றார் மாஸ்டர்.

கண்ணால் பார்க்காமல் முடிவு சொல்வது முறையா? வெள்ளிக்கிழமை ஒரு தடவை நேரில் வந்து பார்த்துவிட்டுப் பிறகு சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். மறுக்கத் தெரியாத மனிதர், வந்தார். பள்ளிக்கூடம் விட்டதும் விதுஷாவையும் கூட்டிக்கொண்டு நிரஞ்சனி யட்டவத்தச் சந்தைக்குப் போயிருந்தாள். சூட்டறையின் வெளிப்பக்க அடுப்பில் நான் முன்கூட்டியே விறகை அடைத்து வைத்திருந்தேன். மாஸ்டரின் குடையையும் தண்ணீர்ப் போத்தலையும் மரியாதையாக வாங்கி வைத்துக்கொண்டேன். ஈரம் உள்ளே போனால் சோதனை கெட்டுவிடும். அவர் உள்ளே போய் மூலையில் குனிந்ததும் கதவைச் சாத்தி வெளித்தாழ்ப்பாளைப் போட்டு, அடுப்பைப் பற்றவைத்தேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தட்டினார். "மாணிக்கம், கதவு சிக்கிக்கிச்சு போல இருக்குங்க" என்றார். அவ்வளவு கண்ணியமானவர். எறும்பு வரும், பொறுமையாக இருங்கள் என்று சொன்னேன். பிறகு வெகுநேரம் தட்டினார். கடைசியில், "போர்டு இருக்கட்டுங்க, இது சவூதி எறும்புதாங்க, எழுதியே தர்றேன்" என்று கத்தினார். அதைக் கேட்க எனக்கு வருத்தமாக இருந்தது. நெருக்கடியில் வரும் பேச்சுக்கு விஞ்ஞானத்தில் மதிப்பில்லை. இன்னும் கொஞ்சம் விறகு வைத்தேன்.

ஆமாம், நான்தான் கொன்றேன். அதைத் தனி வரியாகவே எழுதிக்கொள்ளுங்கள்.

வெயில் சாய்ந்ததும் கதவைத் திறந்துவிட்டு ஓரமாக உட்கார்ந்தேன். அறை ஆறியது. வாசலிலிருந்து எறும்புகள் கிளம்பின. மாஸ்டரின் கையைத் தொடாமல் போயின. முகத்தையும் தொடவில்லை. வரிசை பிடித்து நேரே அவருடைய சட்டைப் பைக்குள் இறங்கின. எடுத்துப் பார்த்தால், உருகிப்போன டொபி. வந்தவுடனே, "புள்ள எங்கங்க? ஏமாந்து போயிருவா, அவளுக்கு ஒன்னு வாங்கிட்டு வந்தேன்" என்று அவர் கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. இத்தனை படித்தவர் ஒரு சோதனைக்குள் இனிப்போடு போகலாமா? அவரிடம் எனக்கு இருக்கும் ஒரே மனக்குறை அதுதான்.

என்னை ஜீப்பில் ஏற்றும்போது விதுஷா வாசலில் நின்றாள். அப்பா என்று கூப்பிடவில்லை. குழந்தைக்குச் சந்தேகம் வந்துவிட்டது, சார். எறும்பு பொய் என்று நினைக்கிறாள். சோதனையை ஒருமுறை ஒழுங்காகச் செய்து காட்டினால் சரியாகிவிடும். மாஸ்டர் ஒல்லி, உங்களுக்கு உடம்பு கொஞ்சம் பெரிது. எறும்பின் கண்ணில் சுலபமாகப் படும். சூட்டறைக்கு வரும்போது சட்டைப் பையை மட்டும் காலி செய்துவிட்டு வாருங்கள்.