பயம் விழாத அச்சு

நீங்கள் என் விரல்களையே பார்ப்பதால் சொல்கிறேன். பிளாஸ்டரில் வேலை செய்கிறவர்களுக்குத் தோல் இப்படித்தான் வெடிக்கும். சண்டை போட்ட காயம் இல்லை.

நான் சினிமாவுக்கு முகமூடி செய்கிறவன். கடைசியாக வந்தது ஒரு திகில் படம். கதாநாயகன் சிற்பி. மனம் கழன்று, ஆட்களைக் கொன்று, அந்த முகங்களை அச்செடுத்துச் சுவரில் மாட்டுகிறான். எனக்குக் கதை பிடிக்கவில்லை. கை அடங்காதவன் என்ன சிற்பி? ஆனால் அந்தச் சுவருக்கு முகம் வேண்டும். வேலை வேலைதானே.

அச்செடுக்க எனக்கு முகம் கொடுப்பது எப்போதும் என் தங்கைதான். கூலி கேட்கமாட்டாள், வாய்தான் ஓயாது. அவள் முகத்தில் பிளாஸ்டர் பூசினால்தான் வீட்டுக்கு அமைதி என்பாள் அம்மா.

கண்ணையும் வாயையும் மூடி, பிளாஸ்டர் நனைத்த துணிப்பட்டைகளை ஒட்டுவோம். மூச்சுக்கு மூக்கில் இரண்டு ஸ்ட்ரா. பேச முடியாது. தாங்கவில்லையென்றால் மேசையைத் தட்ட வேண்டும், நான் உடனே எடுத்துவிடுவேன். இதுதான் எங்கள் ஒப்பந்தம்.

செய்துகொடுத்ததையெல்லாம் டைரக்டர் திருப்பி அனுப்பினார். "பயந்து செத்தவ முகம் கேட்டேன். நீங்க மத்தியானத் தூக்கத்தைக் கொண்டு வந்திருக்கீங்க. இதுவும் சரிவரலேன்னா வேற ஆளப் பாத்துக்கிறேன்."

அவர் சொன்னது சரிதான். பிளாஸ்டரின் கனத்தில் எந்த முகமும் தளர்ந்துவிடும். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும். பயத்தை முதலில் முகத்தில் வைக்க வேண்டும்.

பிளாஸ்டர் இறுகும் சமயத்தில் ஸ்ட்ராவைச் சற்று மடக்கிப் பிடிப்பது, முகம் இழுத்துக்கொள்ளும், அச்சு அதைப் பிடித்துக்கொள்ளும், விட்டுவிடலாம். இதுதான் என் யோசனை. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் நடிப்பாள். நடிப்பு அவளுக்குச் சுத்தமாக வராது.

"போன தடவ கன்னம் வெந்துபோச்சுண்ணா," என்று சொல்லிக்கொண்டே படுத்தாள். பாவமாக இருந்தது. இறுகும்போது பிளாஸ்டர் சுடும். அதனால் ஐஸ் தண்ணீரில் குழைத்தேன். குளிர்ந்த நீரில் குழைத்தால் இறுக நேரமாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அவள் கன்னத்தை நினைத்ததில் அது மறந்துவிட்டது.

ஸ்ட்ராக்களை மடக்கினேன். மேசையைத் தட்டினாள். விரலால் அழுத்திப் பார்த்தேன், பள்ளம் விழுந்தது. அப்போது எடுத்தால் எல்லாம் வீண்.

"கொஞ்சம் பொறும்மா, இன்னும் இறுகல," என்றேன்.

மறுபடி தட்டினாள். பிறகு பட்டைகளைப் பிடுங்க வந்தாள். அச்சு கெட்டுவிடுமே என்று அவள் கைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். சற்று நேரத்தில் கைகள் தளர்ந்தன. பொறுத்துக்கொள்ள ஒத்துக்கொண்டாள் என்று நினைத்தேன்.

இறுகியதும் எடுத்தேன். மூச்சு இல்லை. எனக்கு அழுகை வரும் என்று காத்திருந்தேன், வரவில்லை. அச்சின் ஈரம் காய்வதற்குள் வார்க்க வேண்டும் என்பதால் முகமூடியை வார்த்து முடித்துவிட்டுத்தான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

ஸ்ட்ராவை மடக்கிப் பிடித்தது நான்தான். மறைக்கவில்லை. நிதானம் இழந்து செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். என் கை நடுங்கவேயில்லை.

முகமூடியில் இந்த முறையும் தூக்கம்தான். உயிர் போனால் முகமும் தளர்ந்துவிடும் என்கிறார் உங்கள் டாக்டர். அவருக்குப் பிளாஸ்டர் தெரியாது. அவள் பயந்திருந்தால், துடித்திருந்தால், அச்சில் விழாமல் இருக்குமா? நீங்களே பாருங்கள். என் தங்கை கடைசிவரை நிம்மதியாகத்தான் இருந்திருக்கிறாள்.