சுவரில் ஊன்றிய கை

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, உட்கார நேரமில்லாமல் ஓரமாய் நின்று கேட்கும் செவிலியர் தங்கைகளே, படுத்தால் மூச்சு முட்டும் என்று உட்கார்ந்தே உறங்கிப் பழகிய பெரியோர்களே, அந்த மூச்சுக்குக் காவல் இருக்கும் தாய்மார்களே, என்னோடு லாரி ஓட்டும் தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்.

தளர்ந்த இதயத்தால் உடம்பில் தங்கிப்போன நீரை அளக்கும் புதிய கருவி இன்று இந்த மருத்துவமனைக்கு வந்திருக்கிறது. கையிலும் காலிலும் ஒட்டினால் போதுமாம், உள்ளே எவ்வளவு நீர் என்று சொல்லிவிடுமாம். வாழ்த்திப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். வாழ்த்த வாய் வரவில்லை. என் அண்ணனைப் பற்றிப் பேசுகிறேன்.

யார் என் அண்ணன்? எடைமேடைக்காரர். லாரிகளை ஏற்றி நிறுத்தி எடை போடுகிறவர். ஊரே அவரைத் தராசு என்றுதான் கூப்பிடும். ஒரு சக்கரத்தை மேடைக்கு வெளியே நிறுத்தி எடையைக் குறைத்துக் காட்டுவது எங்கள் ஆட்களின் பழைய வித்தை. பின்னால் சிரிக்கிறீர்களே, சிரியுங்கள், உங்களைத்தான் சொல்கிறேன். அண்ணனிடம் அது பலித்ததா? முள் எதைக் காட்டினாலும் காட்டட்டும், அறையை விட்டு இறங்கி வருவார், லாரியைச் சுற்றி வருவார், சக்கரம் சக்கரமாய்க் குனிந்து பார்ப்பார், பிறகுதான் சீட்டு எழுதுவார். தம்பி என்று எனக்கும் சலுகை கிடையாது.

அப்பேர்ப்பட்டவருக்கு இதயம் தளர்ந்தது. காலிலே நீர், வயிற்றிலே நீர், மூச்சுப் பையிலே நீர். இங்கேதான் சேர்த்தோம். நீர் பிரிய மருந்து கொடுத்தார்கள். தினமும் காலையில், சுவரோரம் இருந்த எடைப் பொறியில் ஏற்றினார்கள். எடை இறங்கினால் நீர் இறங்குகிறது என்று பொருள். இறங்கினால்தான் வீட்டுக்கு விடுவார்கள். அண்ணன் மகளுக்கோ தலைப்பிரசவம் நெருங்கிய நேரம். பேரப்பிள்ளையை மடியில் வாங்க வீட்டில் இருக்கவேண்டும் என்று துடித்தார்.

எடை இறங்கியது. நாளுக்கு நாள் இறங்கியது. எல்லோரும் மகிழ்ந்தோம். அண்ணி மட்டும், செருப்பு இன்னும் காலில் ஏறவில்லையே என்று கேட்டார்கள். எடைதான் குறைந்திருக்கிறதே என்று பதில் வந்தது. வீட்டுக்கு அனுப்பினார்கள்.

வீட்டில் அவரால் படுக்க முடியவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து மூச்சுக்குப் போராடியபடி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்:

"சுவத்துல ஒரு கைய ஊனிக்கிட்டுத்தான்டா ஏறி நின்னேன். தெனமும் கொஞ்சம் கூட அழுத்தினேன். உங்க ஆளுங்க வித்தைதான். ஒருத்தருமே சுத்தி வந்து பாக்கலடா."

மறுபடி இங்கே கொண்டுவர வண்டியில் ஏற்றினோம். வழியிலேயே போய்விட்டார். பேரன் பிறந்தான், வாங்கிக்கொள்ள மடி இல்லை.

நான் யாரை நோவேன்? வாழ்நாளெல்லாம் அடுத்தவன் திருட்டைப் பிடித்துவிட்டுத் தன் உயிரிலேயே திருடிய அண்ணனையா? கூடம் முழுவதற்கும் ஒருத்தியாய் ஓடும் செவிலித் தங்கையையா? முள்ளைப் பார்க்க ஆள் இருந்தது. மனிதனைப் பார்க்க ஆள் இல்லையே! அண்ணி சொன்ன அன்றைக்கே குனிந்து அந்தக் காலை ஒரு விரலால் அழுத்தியிருந்தால் பள்ளம் விழுந்து, உள்ளே நீர் இருப்பது தெரிந்திருக்குமே. விரலுக்கா பஞ்சம்? தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். கணுக்காலில் இருந்தபோதே கண்டிருக்கலாம் ஐயா.

கருவி வரட்டும், நல்ல கருவிதான். ரிப்பனை வெட்டுமுன் ஒரு வேண்டுகோள். முன்வரிசையில் சக்கர நாற்காலியில் எங்கள் ஓட்டுநர் தோழர் இருக்கிறார். இன்று முதலில் அளக்கப்போவது அவரைத்தான். என்ன தோழரே, சம்மதம்தானே? தலையாட்டுகிறார். தலைமை மருத்துவர் ஐயா, மேடையை விட்டு இறங்குங்கள். அவர் கணுக்காலுக்கு மேலே விரலை வைத்து அழுத்துங்கள். கைதட்ட வேண்டாம் தோழர்களே, பாருங்கள்.

விரலை எடுத்துவிட்டார். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது, நான் சொல்கிறேன்: பள்ளம் அப்படியே இருக்கிறது. என் அண்ணன் காலிலும் இது இருந்தது. பார்க்கத்தான் யாரும் வரவில்லை.

இனி ரிப்பனை வெட்டுங்கள். இறங்கி வந்ததற்கு நன்றி ஐயா. பொறுத்துக் கேட்ட எல்லோருக்கும் வணக்கம்.