பெருமாள்சாமியின் கைரேகை

— கால்ல விழறதுக்கா நீலசந்திராவுல இருந்து தொம்மலூர் வந்தே? எழுந்திரு சோனியா.

— ரேஷன் கார்டக் குடுத்தாத்தான் எழுந்திருப்பேன் யசோதாக்கா.

— காலையில இருந்து கல்லு சுமந்துட்டு இப்பத்தான் உக்காந்தேன். ஒடம்பு முறிஞ்சு கெடக்கு. மெதுவாச் சொல்லு. அவருக்கு என்ன?

— நெஞ்சுல அடைப்புக்கா. பெயின்ட் அடிக்கச்சொல்ல சாரத்துலயே சாஞ்சுட்டாரு. சர்க்கார் இன்சூரன்ஸ்ல நாளைக்கே ஆபரேஷன் பண்ணலாம், ரேஷன் கார்டு கொண்டாங்கன்னு ஆஸ்பத்திரில சொல்லிட்டாங்க.

— என்னையும் பொண்ணு லீனாவையும் விட்டுட்டு உங்கிட்ட வந்து ஏழு வருஷமாச்சு. உங்களுக்குன்னு ஒரு கார்டு எடுக்கலியா?

— வீட்டு ஓனரு அட்ரஸுக்கு லெட்டர் தரமாட்டேன்றாரு. மேஸ்திரியக் கேட்டா, எங்கிட்ட அவன் வேலையே செய்யலேன்றாரு. அவரு பேரு இருக்கிற ஒரே காகிதம் உங்க கார்டுதான்கா.

— ம்.

— கோவமா இருந்தா என்னை அடிங்க. பொழைச்சதும் அவர இங்கயே கொண்டாந்து விட்டுட்டுப் போயிடறேன். சர்ச்சுல கும்புடற லார்ட் மேல சத்தியம்.

— எனக்கெதுக்கு? பேடா, வேணாம். கோவப்படறதுக்கும் தெம்பு வேணுமில்ல.

— அப்ப குடுங்கக்கா.

— இந்தா. நீ படிச்சவதானே, பாரு.

— யசோதா... லீனா... பெருமாள்சாமின்ற பேரக் காணோமேக்கா?

— மூணு வருஷமா இல்ல.

— எடுத்துட்டீங்களா!

— கர்ப்பப்பையில கட்டி எனக்கு. ரத்தமாப் போச்சு. இதே இன்சூரன்ஸுக்குத்தான் நானும் அலைஞ்சேன். கார்டுல இருக்கிற எல்லாரும் வந்து கைரேகை வெக்கணும், ஒருத்தர் வெக்கலேன்னாலும் செல்லாதுன்னாங்க. அவருக்குப் போன் போட்டேன். நீதான் எடுத்தே.

— அக்கா...

— நாலு வாட்டி போட்டேன். நாலு வாட்டியும் நீயே எடுத்தே.

— கூப்ட்டா அங்கயே போயிடுவாரோன்னு பயம்க்கா. அன்னைக்கு வாயில என்ன வந்துச்சோ, எனக்கு ஞாபகங்கூட இல்ல.

— "அவரு இல்ல"ன்னே. நானும் ரேஷன் ஆபீஸ்ல போய் அதையேதான் சொன்னேன். எப்போ செத்தாருன்னு கவுன்ட்டர்ல இருந்த அம்மா கேட்டா. எனக்கு நிக்க முடியல சோனியா. ஒரு தேதி சொல்லிட்டேன்.